தட்டம்மை, ஒரு டாக்டர், ஏழு பேர் தொடங்கிய ஒரு சர்ச்

1/
வழக்கமா சுகர், பிரஷர், தடுப்பூசின்னு எழுதுற நான் இன்னிக்கு ஒரு சர்ச்சோட வரலாறு எழுதப் போறேன். கொஞ்சம் நீளம்தான். இருந்தாலும் கடைசி வரை படிங்க. இது மதம் பற்றிய பதிவு இல்லை. ஒரு டாக்டர் மேல ஊர் வைத்த நம்பிக்கை எப்படி உடைஞ்சதுங்கிற கதை.

2/
இடம்: இன்றைய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், வாலா வாலா ஊருக்குப் பக்கத்தில். காலம்: 1836 முதல் 1847 வரை. அந்தக் காலத்தின் தொடக்கத்தில் அது அமெரிக்காவே இல்லை. ஆரிகன் என்று அழைக்கப்பட்ட அந்தப் பெரிய நிலப்பரப்புக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து உரிமை கொண்டாடின. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கயூஸ், வாலா வாலா, நெஸ் பெர்ஸ் மக்களை இரண்டு பேரும் கேட்கவில்லை. அதைச் சொல்லிட்டுத்தான் இந்தக் கதையை ஆரம்பிக்கணும்.

3/
நம்ம ஹீரோ (வில்லனா என்று கடைசியில் நீங்களே முடிவு பண்ணுங்க) டாக்டர் மார்கஸ் விட்மன். 1802-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். ஒரு மூத்த டாக்டரிடம் எடுபிடியாக இருந்து தொழில் கற்று, பிறகு ஃபேர்ஃபீல்டு மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினார். பிரெஸ்பிட்டேரியன் சபையில் மூப்பர்.

'பிரெஸ்பிட்டேரியன்' என்றால்? கிரேக்க மொழியில் 'பிரெஸ்பிட்டெரோஸ்' என்றால் மூத்தவர். பிஷப் கிடையாது. சபை தேர்ந்தெடுக்கும் மூப்பர்கள்தான் சபையை நடத்துவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

4/
1835-ல் முதல் முறை மேற்கே கிளம்பினார். வழியில் அவரோடு போன ரோம வியாபாரிகள் கூட்டத்தில் காலரா. ராப்பகலா நின்று வைத்தியம் பார்த்தார். அதுவரை 'இந்தப் பாதிரி கும்பல் நமக்கெதுக்கு' என்று முறைத்தவர்கள் அதற்கப்புறம் மரியாதையாகப் பார்த்தார்கள்.

அதே பயணத்தில் ஜிம் பிரிட்ஜர் என்கிற புகழ்பெற்ற மலைவேட்டைக்காரரின் முதுகில் மூன்று வருஷமாகப் புதைந்து கிடந்த இரும்பு அம்பு முனையை வெட்டி எடுத்தார். மயக்க மருந்து கிடையாது. சுற்றிலும் வேட்டைக்காரர்கள், பூர்வகுடி மக்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க, திறந்த வெளியில் ஆபரேஷன். நமக்கெல்லாம் அனஸ்தீசியா டாக்டர் பத்து நிமிஷம் லேட்டா வந்தாலே கை நடுங்கும்.

5/
1836-ல் திருமணம். மனைவி நார்சிசா. திருமணமான கையோடு ஹென்றி ஸ்பால்டிங், அவர் மனைவி எலைசா ஆகியோருடன் கண்டம் தாண்டிய பயணம். ராக்கி மலைத்தொடரைக் கடந்த முதல் வெள்ளையின அமெரிக்கப் பெண்கள் இந்த இருவரும்தான். செப்டம்பர் 1, 1836 அன்று வாலா வாலா கோட்டையை அடைந்தார்கள்.

விட்மன் தம்பதி கயூஸ் மக்களிடையே வையிலாட்பு என்ற இடத்தில் தங்கினார்கள். ஒரு வகைப் புல் அடர்ந்து வளரும் இடம் என்று அதற்குப் பொருள். ஸ்பால்டிங் தம்பதி நெஸ் பெர்ஸ் மக்களிடையே லாப்வாய் என்ற இடத்துக்குப் போனார்கள்.

6/
இங்கே நமக்கு ஒரு சொந்தக் கதை இருக்கு. இவர்களை அனுப்பியது பாஸ்டனில் இருந்த 'அமெரிக்கன் போர்டு' என்ற மிஷன் அமைப்பு. யாழ்ப்பாணத்துக்கு 1816-ல் வந்தது இதே போர்டு. 1834-ல் மதுரைக்கு வந்ததும் இதே போர்டு. மதுரை அமெரிக்கன் கல்லூரியின் வேர் அங்கேதான் இருக்கு. வேலூர் சி.எம்.சி.யை உருவாக்கிய ஐடா ஸ்கடரின் தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர், 1819-ல் இலங்கைக்கு இந்தப் போர்டு அனுப்பிய மருத்துவர்தான்.

ஒரே ஆபீஸ். ஒரே மாதிரி கடிதங்கள். ஒரு கப்பல் பருத்தித்துறைக்கு, ஒரு வண்டி ராக்கி மலைக்கு. இதை மனசில் வெச்சுக்கோங்க, பிறகு வருகிறேன்.

7/
ஆகஸ்ட் 18, 1838. வையிலாட்புவில் டாக்டர் வீட்டில் ஆரிகன் பகுதியின் முதல் பிரெஸ்பிட்டேரியன் சபை தொடங்கியது. ஸ்பால்டிங் போதகர், விட்மன் மூப்பர். மொத்த உறுப்பினர்கள் ஏழே பேர். விட்மன் தம்பதி, ஸ்பால்டிங் தம்பதி, ஹவாய் தீவிலிருந்து வேலைக்கு வந்த ஜோசப் மாக்கி, மரியா மாக்கி தம்பதி, அப்புறம் மலைகளில் வேட்டையாடித் திரிந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்த சார்ல்ஸ் காம்போ.

பட்டியலை இன்னொரு தடவை பாருங்க. யாருடைய மண்ணில் சபை தொடங்கியதோ அந்தக் கயூஸ் மக்களில் ஒருத்தர் கூட இல்லை.

8/
அடுத்த வருடம் ஹவாய் மிஷனிலிருந்து ஒரு அச்சு இயந்திரம் லாப்வாய்க்கு வந்தது. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குப் பகுதிக்கே அதுதான் முதல் அச்சகம். நெஸ் பெர்ஸ் மொழியில் சின்னச் சின்னப் புத்தகங்கள் அச்சாகின. 1839 நவம்பரில் திமோத்தி, ஜோசப் என்ற இரண்டு நெஸ் பெர்ஸ் தலைவர்கள் ஞானஸ்நானம் பெற்றுச் சபையில் சேர்ந்தார்கள். இந்த ஜோசப்பின் மகன்தான் பின்னாளில் உலகமே பேசிய தலைவர் ஜோசப்.

லாப்வாயில் ஓரளவுக்கு ஆள் சேர்ந்தது. வையிலாட்புவில் மட்டும் கிட்டத்தட்ட யாருமே சேரவில்லை. ஏன்?

9/
காரணம் ஒன்று: வீடு. நார்சிசாவின் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. கயூஸ் மக்கள் வீட்டுக்குள் வந்து போவதால் எல்லாம் அழுக்காகிறது என்று புலம்பியிருக்கிறார். புது வீடு கட்டியபோது அவர்களுக்கென்று ஒரு அறையை ஒதுக்கி, மற்ற அறைகளுக்குள் வராமல் பார்த்துக்கொண்டார்கள். 'எங்க வாசல்ல வந்து உட்கார்ந்துட்டு எங்களையே வெளியில நிறுத்துறீங்களா?' என்ற கேள்வி வராமல் இருக்குமா?

அந்தப் பெண்ணின் துக்கத்தையும் சொல்லணும். ஒரே மகள் ஆலிஸ் 1839 ஜூனில் ஆற்றில் மூழ்கி இறந்தாள். வயசு இரண்டே கால். அதன் பிறகு அவர் பழைய நார்சிசாவாகத் திரும்பவே இல்லை.

10/
காரணம் இரண்டு: நிலம். எங்கள் மண்ணில் விளைய வைக்கிறீர்கள், எங்கள் மரத்தை எரிக்கிறீர்கள், எங்கள் தண்ணீரைக் குடிக்கிறீர்கள், அதற்கு என்ன தருகிறீர்கள் என்று கயூஸ் மக்கள் கேட்டார்கள். விட்மன் பணம் தர மறுத்தார். 1841-ல் டிலோகைக்ட் என்ற தலைவர் விட்மனின் காதைப் பிடித்து இழுத்து, தொப்பியைப் பிடுங்கிச் சேற்றில் எறிகிற அளவுக்குச் சண்டை முற்றியது. விட்மன் திருப்பி அடிக்கவில்லை. கேட்ட வாடகையையும் கொடுக்கவில்லை.

11/
காரணம் மூன்று. ஒரு டாக்டரா இதைப் படிக்கும்போதுதான் எனக்குத் தலையில் அடிச்சுக்கணும் போல இருந்தது. தோட்டத்தில் தர்பூசணி திருடு போகிறது என்று, மிஷனில் இருந்த வில்லியம் கிரே சில பழங்களில் வாந்தி மருந்தை ஏற்றி வைத்தார். தின்றவர்கள் வாந்தி எடுத்தார்கள். ஓநாய்களைக் கொல்ல இறைச்சியில் விஷம் வைத்தார்கள். அதைத் தெரியாமல் சாப்பிட்ட சிலருக்கும் உடம்பு முடியாமல் போனது.

திருடனுக்குப் பாடம் புகட்டிவிட்டோம் என்று இவர்கள் நினைத்தார்கள். அந்த மக்கள் கற்றுக்கொண்ட பாடம் வேறு: 'இந்த வீட்டுக்காரர்களுக்கு விஷம் வைக்கத் தெரியும்.'

12/
காரணம் நான்கு: கூட்டம். 1842-ல் பாஸ்டன் போர்டு, வையிலாட்புவையும் லாப்வாயையும் மூடச் சொல்லி உத்தரவு போட்டது. மிஷனரிகளுக்குள்ளேயே ஓயாத சண்டை என்பதும் ஒரு காரணம். அதை ரத்து செய்ய வைப்பதற்காக விட்மன் குளிர்காலத்தில், பனியில், குதிரையில் கிழக்கே கிளம்பினார். 1843 வசந்தத்தில் பாஸ்டன் போய்ச் சேர்ந்து, பேசி, உத்தரவை மாற்ற வைத்தார்.

திரும்பும்போது தனியாக வரவில்லை. ஆயிரம் பேர் அளவுக்கான குடியேறிகளின் வண்டித் தொடருக்கு வழிகாட்டியாகவும் டாக்டராகவும் வந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் வண்டிகள். 1847-ல் மட்டும் 4,000 பேருக்கு மேல். மிஷன் என்பது வழிப்போக்கர் சத்திரமாகவே மாறிப்போனது. வழியில் அப்பா, அம்மா இருவரையும் இழந்த சேகர் குடும்பத்துக் குழந்தைகள் ஏழு பேரையும் விட்மன் தம்பதி எடுத்து வளர்த்தார்கள். நல்ல மனசு, சந்தேகமே இல்லை. ஆனா கயூஸ் மக்கள் பார்வையில் டாக்டர் யாருக்காக வந்தார், இப்போ யாருக்காக இருக்கிறார்?

13/
இப்போ நம்ம சப்ஜெக்ட். 1847, தட்டம்மை.

ஊர்ப்பக்கம் மணல்வாரி என்று சொல்வோமே, அதேதான். காற்றில் பரவும் வைரஸ். எதிர்ப்பு சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்பிவிடுவார். குடியேறிகளின் வண்டிகள்தான் நோயைக் கொண்டுவந்தன என்று நீண்ட காலம் எழுதப்பட்டது. அதற்கு முன்பே கலிஃபோர்னியாவுக்குப் போய்த் திரும்பிய பூர்வகுடிக் குழு ஒன்றின் வழியாக அந்தக் கோடையிலேயே நோய் வந்திருக்க வேண்டும் என்று பிந்தைய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அப்போது அங்கே இருந்த ஓவியர் பால் கேனின் குறிப்புகள் இதற்கு ஒரு முக்கியச் சான்று. இலையுதிர் காலத்தில் வண்டிகளும் வந்து சேர, நோய் மிஷன் வீட்டுக்குள்ளேயே புகுந்தது.

14/
அதற்கு ஒரு வருடம் முன்பு, 1846-ல், உலகின் இன்னொரு மூலையில் ஃபேரோ தீவுகளில் தட்டம்மை வந்தது. பீட்டர் பானும் என்ற டென்மார்க் நாட்டு இளம் டாக்டரை அரசு அனுப்பியது. 65 வருடமாக அந்த நோயையே பார்க்காத தீவு. சுமார் 7,800 பேரில் 6,000 பேர் படுத்தார்கள். 1781-ல் வந்தபோது ஏற்கெனவே நோய் கண்டு பிழைத்திருந்த கிழவர்களை மட்டும் தட்டம்மை தொடவில்லை என்று பானும் கவனித்தார். ஒரு முறை வந்தால் ஆயுளுக்கும் பாதுகாப்பு என்று நாம் இன்று பாடப்புத்தகத்தில் படிப்பது அவர் எழுதியதுதான்.

விட்மனுக்கு அந்த ஆய்வு கைக்கு எட்டியிருக்க வழியே இல்லை. எட்டியிருந்தாலும் வைரஸ் என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் கிடையாது. அவர் காலத்து வைத்தியம் பெரும்பாலும் ரத்தம் வெளியேற்றுவது, பேதி மருந்து, கலோமெல்.

15/
வையிலாட்புவில் நடந்ததை பானும் கண்ணால் பார்த்தால் சட்டென்று புரியும். குடியேறிகளில் பெரியவர்கள் பலருக்கும் சின்ன வயதிலேயே நோய் வந்து போயிருந்தது. குழந்தைகள் படுத்தாலும், எழுந்து நடமாடித் தண்ணி கொடுக்க, கஞ்சி வைக்க அம்மா இருந்தார். கயூஸ் குடியிருப்பில் தாத்தா முதல் பேரன் வரை எல்லாரும் ஒரே வாரத்தில் படுத்தார்கள். விறகு பொறுக்க ஆள் இல்லை. தண்ணீர் எடுக்க ஆள் இல்லை. வயிற்றுப்போக்கும் சேர்ந்தது. வியர்வைக் குடிலில் வெந்து, உடனே குளிர்ந்த ஆற்றில் குதிக்கிற பழைய வைத்தியம் நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

மிஷனுக்குப் பக்கத்தில் வாழ்ந்த கயூஸ் மக்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இறந்ததாகக் கணிக்கிறார்கள். பாதி! உங்க தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீடுன்னு நினைச்சுப் பாருங்க.

16/
விட்மன் தூங்கவே இல்லை. குடிசை குடிசையாகப் போனார். மருந்து கொடுத்தார். அவர் மருந்து கொடுத்த வெள்ளைக் குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்தார்கள். அவர் மருந்து கொடுத்த கயூஸ் குழந்தைகள் இறந்தார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிற ஒரு தகப்பனுக்கு இதில் என்ன தெரியும்? ஒரே டாக்டர், ஒரே மருந்துப்பெட்டி, இரண்டு விதமான முடிவு. அந்த வருடம் வந்து சேர்ந்த ஜோ லூயிஸ் என்பவர், டாக்டர் விஷம் வைத்து உங்களை அழித்துவிட்டு நிலத்தை எடுக்கப் பார்க்கிறார் என்று சொல்லித் திரிந்தார். தர்பூசணி ஞாபகம் இருக்கா? அவர்களுக்கும் இருந்தது.

17/
இன்னொன்று. கயூஸ் வழக்கப்படி வைத்தியருக்குச் சக்தி உண்டு. காப்பாற்றத் தெரிந்த சக்திக்குக் கொல்லவும் தெரியும். நோயாளி தொடர்ந்து இறந்தால், அந்த வைத்தியரைக் கொல்ல உறவினருக்கு உரிமை உண்டு. அவர்களுடைய சொந்த வைத்தியர்களுக்கும் இதே சட்டம்தான். இது விட்மனுக்குத் தெரியும். வந்த புதிதிலேயே, 1837-ல், ஒரு தலைவர் தன் மனைவி பிழைக்காவிட்டால் உன்னைக் கொல்வேன் என்று சொல்லியிருக்கிறார். வான்கூவர் கோட்டையை நடத்திய ஜான் மெக்லாஃப்லினும் எச்சரித்திருக்கிறார். விட்மன் போகவில்லை.

18/
நவம்பர் 29, 1847. மருந்து கேட்கிற சாக்கில் வீட்டுக்குள் வந்தார்கள். விட்மன், நார்சிசா உட்பட 13 பேர் கொல்லப்பட்டார்கள். சேகர் குடும்பத்துப் பையன்கள் இருவரும் அதில் அடக்கம். பெண்கள், குழந்தைகள் என்று ஐம்பது பேர் அளவுக்குப் பிணையாகப் பிடிக்கப்பட்டார்கள். பிடிபட்ட குழந்தைகளிலும் தட்டம்மைக்குச் சிலர் இறந்தார்கள். ஹட்சன்ஸ் பே கம்பெனியின் பீட்டர் ஆக்டன் போர்வை, சட்டை, துப்பாக்கி, புகையிலை எல்லாம் கொடுத்து மற்றவர்களை மீட்டார்.

இறந்தவர்களைப் புதைக்க உதவியது ப்ரூயே என்ற கத்தோலிக்கப் பாதிரியார். அதோடு நில்லாமல், வழியில் வந்துகொண்டிருந்த ஸ்பால்டிங்கை எச்சரித்து உயிர் பிழைக்க வைத்தவரும் அவரே. பிழைத்த ஸ்பால்டிங் என்ன செய்தார் தெரியுமா? கத்தோலிக்கர்கள்தான் கயூஸ் மக்களைத் தூண்டிவிட்டார்கள் என்று வாழ்நாள் முழுக்க எழுதினார்.

19/
பிறகு போர். 1850-ல் டிலோகைக்ட் உட்பட ஐந்து கயூஸ் ஆண்கள் ஆரிகன் சிட்டியில் விசாரிக்கப்பட்டு, ஜூன் 3 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். வைத்தியர் பற்றிய வழக்கத்தை எதிர்த்தரப்பு வக்கீல்கள் எடுத்துச் சொன்னார்கள், மெக்லாஃப்லின் சாட்சியும் சொன்னார். எடுபடவில்லை. கிறிஸ்து தம் மக்களுக்காக இறந்தார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், நாங்களும் எங்கள் மக்களுக்காக இறக்கிறோம் என்ற பொருளில் டிலோகைக்ட் பேசியதாகச் சொல்லப்படுகிறது. அந்த ஐந்து பேரின் கல்லறை எங்கே என்று அவர்களின் வாரிசுகள் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

1855 ஒப்பந்தத்தில் கயூஸ் மக்கள் யுமடில்லா ஒதுக்கீட்டு நிலத்துக்குத் தள்ளப்பட்டார்கள். நிலம் போய்விடும் என்று பயந்தார்களே, போயே போனது.

20/
சர்ச் என்னாச்சு? போர்டு மிஷனை மூடியது. ஆனா நெஸ் பெர்ஸ் பக்கம், திமோத்தி போன்றவர்கள் பாதிரியே இல்லாமல் பல வருடம் ஜெபத்தைத் தொடர்ந்தார்கள். 1870-களில் ஸ்பால்டிங் திரும்பி வந்தபோது நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். கமையா என்ற சின்ன ஊரில் அப்போது கட்டிய மரத் தேவாலயம் இன்றும் இருக்கிறது. 1879-ல் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற நெஸ் பெர்ஸ் மனிதரே போதகராக அபிஷேகம் பெற்றார். அந்த மொழிப் பாடல்களை அந்தச் சபைகள் விடவில்லை. இன்னொரு பக்கம், ஞானஸ்நானம் பெற்ற அதே மூத்த ஜோசப், 1863 ஒப்பந்தம் தன் நிலத்தைப் பறித்தபோது தன் பைபிளைக் கிழித்துப் போட்டார் என்கிறார்கள். ஒரே சபையில் சேர்ந்த இரண்டு பேர், இரண்டு முடிவு.

21/
விட்மனுக்குச் சிலை வைத்தார்கள். 1842 குளிர்காலப் பயணம் ஆரிகனைப் பிரிட்டனிடமிருந்து காப்பாற்றத்தான் என்று ஸ்பால்டிங் கிளப்பிவிட்ட கதை பள்ளிப் புத்தகங்கள் வரை போனது. 1900-ல் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் போர்ன், ஆவணங்களை வைத்து அது கட்டுக்கதை என்று காட்டினார். ஆள் போனது மூடும் உத்தரவை மாற்றத்தான். இருந்தும் 1953-ல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்கு விட்மன் சிலை போனது. 2021-ல் வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம், அதற்குப் பதிலாக பூர்வகுடி மீன்பிடி உரிமைக்காகப் போராடிய பில்லி ஃபிராங்க் ஜூனியர் சிலையை வைக்கலாம் என்று முடிவெடுத்தது. ஒரு ஹீரோவைத் தயாரிக்க எத்தனை வருஷம், இறக்க எத்தனை வருஷம் பாருங்க.

22/
இப்போ யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன் என்று சொன்னேன் இல்லையா? விட்மன் கொல்லப்பட்ட அதே 1847-ல், அதே போர்டு அனுப்பிய இன்னொரு டாக்டர் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். தமிழ் கற்றார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். உள்ளூர்ப் பையன்களைத் தமிழிலேயே டாக்டர்களாக்கினார்.

கிரீன் புனிதர், விட்மன் பாவி என்று சொல்ல வரவில்லை. யாழ்ப்பாணத்தில் நிலத்தைப் பிடிக்க வண்டித்தொடர் வரவில்லை, அது பெரிய வித்தியாசம். இன்னொரு வித்தியாசமும் இருக்கு. மானிப்பாயில் மருந்துப்பெட்டியின் சாவி கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஊர்க்காரர்கள் கைக்கு மாறியது. வையிலாட்புவில் கடைசி நாள் வரை அது ஒரே ஆளின் கையில் இருந்தது.

23/
இதை ஏன் இவ்வளவு நீளமா எழுதுறேன்?

2017 பிப்ரவரி. தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம். வாட்ஸப்பில் வதந்தி பறந்தது. அப்போ நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒரு அப்பா என்னிடம் கேட்டார்: "சார், காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டா இல்லேங்கறீங்க. இந்த ஊசிய மட்டும் ஏன் வீடு தேடி வந்து போடறீங்க?"

எனக்குக் கோபம்தான் வந்தது. படிக்காதவங்கன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே போனேன். அன்று அந்தப் பையனுக்கு ஊசி போடவில்லை.

24/
விட்மன் கதையைப் படித்த பிறகுதான் அந்தக் கேள்வி புரிந்தது. அவர் கேட்டது ஊசியைப் பற்றி இல்லை. போன வாரம் ஓ.பி.யில் நின்ற ரெண்டு மணி நேரத்தைப் பற்றி. யாரோ 'தள்ளி நில்லு' என்று சொன்னதைப் பற்றி. அவருடைய தர்பூசணி அது. பதில் சொல்லாமல் நான் நகர்ந்தேனே, என் தப்பு.

ஆஸ்பத்திரியில் டாக்டரை அடிப்பதை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். வையிலாட்பு கொலைகளையும் அப்படித்தான். நல்ல எண்ணமும் தூக்கமில்லாத உழைப்பும் மட்டும் இருந்தால் நம்பிக்கை வந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லணும். நோய் வரும் நாளில் அதைச் சம்பாதிக்க முடியாது. பத்து வருஷமா எப்படி நடத்தினோம் என்பதுதான் அன்றைக்குக் கணக்கில் வரும்.

25/
விட்மனிடம் இல்லாதது நம்மிடம் இருக்கு. 1963-லிருந்து தட்டம்மைக்குத் தடுப்பூசி இருக்கு. குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் முதல் டோஸ், 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது டோஸ். அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி எல்லா இடத்திலும் இலவசம். தட்டம்மை வந்துவிட்டால் வேப்பிலையோடு நிறுத்தாமல் கூட்டிட்டு வாங்க, வைட்டமின் ஏ கொடுக்கணும், நிமோனியா வராமல் பார்க்கணும்.

சந்தேகம் இருந்தால் கேளுங்க. கோபமா கேட்டாலும் பரவாயில்லை. இந்த முறை நகர்ந்து போக மாட்டேன்.

ரெண்டாவது டோஸ் போட்டாச்சான்னு தடுப்பூசி அட்டையை எடுத்து இப்பவே ஒரு தடவை பாருங்க.